கொல்லிமலை ஏறும்போது கரும்புகையா? மலைமேல் பழி போடாதீர்கள்!

சேந்தமங்கலம் தாண்டி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்துவிட்டால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய சின்ன காருக்கு அதுதான் பரீட்சை. சமவெளியில் சாதுவாக ஓடிய கார், சில வளைவுகளிலேயே கரும்புகை விடும். பெட்ரோல் வாடை வீசும். மைலேஜ் சரியும். ‘மலைன்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடுபவர்கள் அதிகம்.

கார்புரேட்டர் காலத்தில் அது உண்மைதான். 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி அடிவாரத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைக்காது. ஆனால், 2000-ம் ஆண்டு வாக்கில் மாருதி 800 போன்ற கார்களிலும் எம்.பி.எஃப்.ஐ வந்துவிட்டது. காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும். கண்ணில் படும் அளவுக்குக் கரும்புகை வரக் கூடாது.

வந்தால், பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கு யாரோ தப்பான தகவல் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் நிறம் பாருங்கள்

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே கசியலாம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போல உலர்ந்த கரி படிந்திருக்கும்.

முக்கியக் குற்றவாளி: இன்ஜின் சூடு

குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. கூலன்ட் சென்சார் கெட்டுப்போய் ‘இன்னும் சூடாகவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், கம்ப்யூட்டரும் நம்பி அடித்துக்கொண்டே இருக்கும். இதற்குச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். பல கார்களில் இந்த சென்சார் 20 டிகிரியில் 2,000 ஓமுக்கு மேல் காட்டும். 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சென்சார் பொய் சொல்கிறது.

சில சமயம் சென்சார் உண்மையே சொல்லும், இன்ஜின்தான் சூடாகாது. மலையில் ஒருமுறை ஓவர் ஹீட் ஆனதும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மூரில் உண்டு. அதன் பிறகு இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல், ஆண்டுக்கணக்கில் பெட்ரோலைக் குடிக்கும். ஓவர் ஹீட்டுக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரோ, ஓடாத ஃபேனோ இருக்கலாம். அதைச் சரிசெய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுவதுதான் வைத்தியம்.

அடுத்த மூவர்

காற்றழுத்த சென்சாருக்குப் போகும் ரப்பர் டியூபில் விரிசல் இருந்தால், வெளிக்காற்று புகுந்து அழுத்தம் அதிகம் என்று காட்டும். லோடு ஏறிவிட்டதாக நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். டியூபைக் கையால் வளைத்துப் பார்த்தாலே விரிசல் தெரியும்.

பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே உள்ள கார்களில், அதன் வேக்யூம் டியூபைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. இன்ஜின் ஆறிய பிறகு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பக்கத்தில் தீப்பொறி கூடாது.

மூன்றாவது, ஆக்ஸிஜன் சென்சார். நன்றாக இருந்தால் இன்ஜின் சூடான பிறகு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடும். 0.9 பக்கமே நின்றால், ‘பெட்ரோல் அதிகம்’ என்று அது உண்மையைச் சொல்கிறது, குற்றம் வேறெங்கோ. செய்தி சொன்னவரையே மாற்றிவிட்டு, ‘பழுது போகலையே’ என்று திரும்பி வருபவர்கள் உண்டு. 0.1 பக்கமே நின்றால் சைலன்சர் பைப்பை, சென்சாருக்கு முன்னால் உள்ள ஜாயின்ட்டோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து சென்சாரை ஏமாற்றும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். பழுதைச் சரிசெய்ததும் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த ஆவியே திரும்ப இன்ஜினுக்குள் போய்க் குழப்பும். சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதிகச் சூடாகி உருகவும் செய்யலாம். செலவு பல ஆயிரங்களுக்குப் போய்விடும். புகைச் சான்றும் கிடைக்காது. பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. நிறமும் மணமும் இல்லாத இந்த நச்சுவாயு உயிரையே பறிக்கும். பூட்டிய ஷெட்டுக்குள் காரை ஸ்டார்ட் செய்து சோதிக்கவே கூடாது.

2010-க்கு முந்தைய பல கார்களிடம் போனில் இணைக்கும் ஸ்கேனர் பேசாது. அதனால், ‘ஸ்கேன் பண்ண முடியலை, ஒவ்வொண்ணா மாத்திப் பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால், “அண்ணே, மொதல்ல மீட்டர் வெச்சு அளந்து பார்த்துடுங்க, அப்புறம் மாத்தலாம்” என்று சொல்லுங்கள். பல நேரங்களில் ஒரு ரப்பர் டியூப் விலையிலேயே வேலை முடிந்துவிடும்.