அவசர அழைப்புகள் மட்டும்
(கம்பியில்லாத கரை – 9)

புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய வீதியில், வடக்கே முப்பது கிலோமீற்றர் அளவில் எலுவன்குளம். அதற்கப்பால் கலா ஓயா, அதன் மேல் ஒரு சப்பாத்துப் பாலம், பாலம் தாண்டினால் 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள வில்பத்துக் காடு. மாரியில் ஆறு பெருகினால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். மேற்கே கங்கேவாடிய மீனவர் குடியிருப்பு, கண்டல் மரங்கள், பிறகு கடல்தான். கைபேசிக் கோபுரம் ஆள் இருக்கிற பக்கம் பார்த்து நடப்படும் சாமான். யானைக்கும் மீனுக்கும் ரீலோட் தேவையில்லை. ஆகவே இப்படி அமைந்த ஊர்களில் எல்லாக் கம்பனியும் ஒரே மாதிரி எடுக்காது. ஒன்று வாசலில் எடுக்கும், இன்னொன்று கூரையில் ஏறினால் எடுக்கும், மூன்றாவது எடுக்கவே எடுக்காது.

இந்தப் பக்கத்துக் கரையோர ஊர்களிலிருந்து புத்தளம் நகரத்துக் கடைக்குப் போன் வாங்க வருகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"நானா, இதுக்கு எந்த சிம்மும் போடேலுமா?"

"லொக் ஒண்டும் இல்ல தம்பி. எதையும் போடலாம்."

"எங்கட பக்கம் ஒண்டுதான் ஒழுங்கா எடுக்கும். போட்டுப் பாத்துட்டுத்தான் காசு தருவன்."

கமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் பிறகுதான். ஒரு பெயர்பெற்ற கைபேசி ஒரே கம்பனியின் கைக்குள் இருக்கவேண்டுமா, போட்டிக் கம்பனிக்கும் போகவேண்டுமா என்று அமெரிக்கா நாலு வருடம் விவாதித்தது. அந்தத் தம்பி அதை ஒரு வசனத்தில் கேட்டுவிட்டார். இந்த வாரம் அந்த அமெரிக்கக் கதையைப் பார்த்துவிட்டு இங்கே திரும்புவோம்.

2007 ஜனவரி 9ஆம் திகதி ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனைக் காட்டினார். ஜூன் 29இல் அது கடைக்கு வந்தபோது அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற ஒரே கம்பனியின் இணைப்போடுதான் வந்தது. இதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அதுவரை அமெரிக்காவில் கைபேசியின் முகம் எப்படி இருக்கவேண்டும், அதில் எந்தப் பொத்தான் வேண்டும், எந்தப் பாட்டு விற்கலாம் என்பதையெல்லாம் இணைப்புக் கம்பனிகளே தீர்மானித்தன. அப்பிள் அந்த அதிகாரத்தைத் தன்னிடம் கேட்டது, மாதக் கட்டணத்தில் பங்கும் கேட்டது. போட்டிக் கம்பனியான வெரைசன் மறுத்துவிட்டது என்று அப்போதே செய்தி வந்தது. ஏடி அண்ட் டி ஒத்துக்கொண்டது, அதற்கு விலையாக அந்தப் போனை விற்கும் தனியுரிமையை வாங்கிக்கொண்டது. அந்தப் பேரம் இல்லாவிட்டால் அந்தப் போன் அந்த வடிவில் வந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான்.

வேறு கம்பனியின் சிம்மை ஏற்காதபடி போனுக்குப் போட்ட பூட்டு இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஓகஸ்டில் நியூ ஜேர்சியைச் சேர்ந்த 17 வயது ஜோர்ஜ் ஹொட்ஸ் அதைத் திறந்துகாட்டினார். திறந்த போனைக் கொடுத்து ஒரு நிசான் காரும் மூன்று புது ஐபோன்களும் வாங்கிக்கொண்டார். இந்தத் தொடரில் வருகிற பேரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஐரோப்பா வேறு மாதிரி நடந்துகொண்டது. ஜேர்மனியில் டி-மொபைலிடம் மட்டும் விற்றதை எதிர்த்து வோடபோன் 2007 நவம்பரில் நீதிமன்றம் போனது. தடை உத்தரவு வந்ததும் டி-மொபைல் பூட்டில்லாத ஐபோனை 999 யூரோவுக்கு விற்றது. ஒப்பந்தத்தோடு அதே போன் 399. பூட்டின் விலை என்னவென்று வாடிக்கையாளர் தன் கண்ணால் பார்த்தது அந்தச் சில நாட்கள்தான். டிசம்பரில் தடை நீங்க, பழைய நிலை திரும்பியது. பிரான்சில் ஒராஞ்ச் கம்பனியின் தனியுரிமையை 2008 டிசம்பரில் அந்நாட்டுப் போட்டி ஆணையமே நிறுத்திவைத்தது.

அமெரிக்காவில் பிடிவாதம் 2011 வரை நீடித்தது. நியூயோர்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஐபோன்காரர்களின் பாரம் தாங்காமல் ஏடி அண்ட் டியின் வலை திணறியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்தது. போட்டிக்காரரான வெரைசனோ சிடிஎம்ஏ என்ற வேறு முறையில் இயங்கியது. அங்கே சிம் மாற்றினால் போதாது, போனின் வயிற்றையே மாற்றவேண்டும். அப்பிள் அதையும் செய்தது. 2011 பெப்ரவரி 10இல் வெரைசனுக்கென்று தனியாக ஒரு ஐபோன் 4 வந்தது. அதில் பேசிக்கொண்டே இணையம் பார்க்க முடியாது, ஆனாலும் விற்றது. அந்த வருடத்து முதல் மூன்று மாதக் கணக்கில் வெரைசன் 22 லட்சம் ஐபோன்களை இணைத்தது. எல்லோரும் ஓடிப்போவார்கள் என்று சொல்லப்பட்ட ஏடி அண்ட் டி அதே காலத்தில் இணைத்தது 36 லட்சம். தனியுரிமை போனால் பிழைப்புப் போகும் என்ற வாதத்துக்கு அந்த 36 லட்சம் போதுமான பதில். அதே வருடம் வந்த 4எஸ் இரண்டு முறையையும் ஒரே உடம்பில் வைத்திருந்தது. "தொழில்நுட்பம் இடம்கொடுக்காது" என்பது நாலு வருடச் சாட்டு, அவ்வளவுதான்.

இனி எங்கட பக்கம். இலங்கையில் கைபேசிக்குப் பூட்டுப் போட்டு விற்கும் வழக்கம் பெரிதாக வேரூன்றவில்லை. போனை ஒரு கடையில் வாங்குவோம், சிம்மை வேறு கடையில் வாங்குவோம். அதற்காக நாங்கள் பூட்டைக் காணாதவர்கள் இல்லை. மேசையில் வைத்துப் பேசும் கம்பியில்லாத சிடிஎம்ஏ போன்களை நினைத்துப் பாருங்கள். 2005இல் சுமார் 12 லட்சமாக இருந்த நாட்டின் நிலையான இணைப்புகளை 2008க்குள் 34 லட்சம் அளவுக்குக் கொண்டுவந்தவை அவைதான். கம்பி வராத எத்தனையோ கிராமங்களுக்கு அவைதான் முதல் தொலைபேசி. புத்தளத்து 032க்கு அடுத்த இலக்கம் 2 என்றால் டெலிகொம், 4 என்றால் சன்டெல், 5 என்றால் லங்கா பெல் என்று இலக்கத்திலேயே கம்பனி தெரிந்தது. போன் கம்பனியோடு பிறந்து கம்பனியோடு செத்தது. சன்டெல் கைமாறி, முறையும் பழசாகிப்போன பிறகு, அந்த வெள்ளைப் பெட்டிகளை வேறு வலையில் பாவிக்க வழியே இருக்கவில்லை.

அதற்குப் பிறகு பூட்டு டொங்கிளுக்குள் குடியேறியது, இப்போது ரௌட்டருக்குள் இருக்கிறது. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் கரையோர ஊரில் இருக்கும் உறவுப் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்கென்று ஒரு கம்பனியின் 4ஜி ரௌட்டரை வாங்கிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். பெட்டியில் எங்கும் "இது எங்கள் சிம்முக்கு மட்டும்" என்று எழுதவில்லை. வீட்டில் அந்தக் கம்பனியின் அலை பேருக்குத்தான் இருந்தது. அயலில் நன்றாக எடுக்கும் மற்றச் சிம்மைப் போட்டால் சிவப்பு விளக்கு. திரும்பக் கொடுக்கப் போனபோது, "பாவிச்ச சாமான் எடுக்கிறதில்ல சேர்" என்றார்கள். அதே நாட்களில்தான் பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ ஊர்ப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன.

அந்தப் பூட்டு வேலை செய்கிற விதம் சின்னது. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு நீண்ட அடையாள எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாடு, இலங்கைக்கு 413. அடுத்த இரண்டும் கம்பனி: மொபிட்டலுக்கு 01, டயலொக்குக்கு 02, ஹட்சுக்கு 08. பூட்டிய கருவி செய்வதெல்லாம் அந்த ஐந்து இலக்கத்தைப் பார்த்து, தனக்குச் சொல்லிவைத்த இலக்கமா என்று ஒப்பிடுவதுதான். இல்லையென்றால் "செல்லாத சிம்" என்று சொல்லிக் கையை விரிக்கும். அன்ரெனா அதேதான், சிப் அதேதான், அலைவரிசையும் அனேகமாக அதேதான்.

இன்னும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் கம்பனியின் அலை இல்லாத இடத்தில் போனின் திரையில் சில வேளை "சேவை இல்லை" என்று வரும், சில வேளை "அவசர அழைப்புகள் மட்டும்" என்று வரும். இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது வந்தால் வேறொரு கம்பனியின் கோபுரம் உங்கள் போனைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 112ஐ அழுத்தினால் அந்தக் கோபுரம் உங்களை யாருடைய வாடிக்கையாளர் என்று பாராமல் எடுக்கும். ஜிஎஸ்எம் முறையை வகுத்தவர்கள் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். ஆக, உயிர் போகிற நேரத்தில் போட்டிக் கம்பனியின் கோபுரத்தோடு பேச முடிந்த கருவிக்கு, மகளுக்குக் கோல் எடுக்கிற நேரத்தில் மட்டும் முடியாமல் போகிறது. கருவியால் முடியும், கணக்குத்தான் விடுவதில்லை.

பூட்டுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பாதிதான். 2017 ஜூலையில் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட ஜியோபோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1,500 ரூபாய் வைப்புப் பணம், மூன்று வருடத்தில் திருப்பித் தருவோம் என்ற வாக்கு. 4ஜி போன், ஆனால் ஜியோ சிம்மைத் தவிர வேறெதுவும் ஓடாது. இணையம் என்ற ஒன்றைத் தொட்டிராத வீடுகளுக்குள் பத்துக் கோடிக்கு மேல் போனது அது. பூட்டில்லாமல் அந்த விலை சாத்தியமா? இல்லை. கம்பனி போனில் விட்டதை மாதக் கட்டணத்தில் பிடிக்கவேண்டும். பூட்டு அங்கே கடன் பத்திரத்தின் வேலையைச் செய்கிறது. கடன் என்றால் ஒருநாள் தீரவேண்டும், தீர்ந்ததும் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும். முழு விலையும் கொடுத்து வாங்கிய கருவிக்குப் பூட்டுப் போடுவது கடனே கொடுக்காமல் ஈடு பிடிப்பது. பிரித்தானியாவின் ஒவ்கொம் 2021 டிசம்பர் முதல் பூட்டிய கைபேசி விற்பதையே தடை செய்தது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சலுகை உண்மையாக இருந்தால் காலக்கெடுவோடு பூட்டும் இருக்கட்டும்.

எங்கள் சனம் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை, இரண்டு சிம் போனை வாங்கிக்கொண்டது. ஒரு கம்பனியின் அலை வீட்டுக்கு, மற்றது வாடிக்கு. நொக்கியா இந்தத் தேவையை உணர 2010 ஆகிவிட்டது. அதற்குள் மைக்ரோமக்ஸ் போன்றவர்கள் இந்தியச் சந்தையில் பெரிய துண்டொன்றைக் கொண்டுபோய்விட்டார்கள். ஐபோனுக்கு இரண்டாவது சிம் வந்தது 2018இல். இரண்டு சிம் என்றால் இரண்டு இலக்கம், இரண்டு ரீலோட். ஏழு ஏழா, ஏழு ஒண்டா என்று கேட்டு ஒருவரின் கம்பனியைக் கண்டுபிடித்த காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இலக்கத்தை மாற்றாமல் கம்பனி மாறும் வசதி இந்தியா முழுவதும் 2011 ஜனவரி 20இல் வந்துவிட்டது. இங்கே அது வருடக் கணக்கில் பேச்சாகவே இழுபட்டது. இதற்கிடையில் ஐந்து கம்பனிகள் மூன்றாகிவிட்டன: 2018இல் எடிசலாட் ஹட்சோடு சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. கம்பனி குறையக் குறைய, மாறிப்போகும் உரிமைக்கு மதிப்புக் கூடும்.

பூட்டும் உடை மாற்றிக்கொண்டு வருகிறது. வோல்ட்டி என்ற 4ஜி அழைப்பு, கம்பனி தன் பட்டியலில் சேர்த்த மொடல்களில் மட்டும் வேலை செய்யும் நிலை பல நாடுகளில் உண்டு. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய விலையுயர்ந்த போன் இணையத்துக்கு 4ஜியில் நிற்கும், கோல் வந்தால் 2ஜிக்கு இறங்கும். தவணைக்கு வாங்கிய போன் ஒரு மாதம் தவறினால் தானே உறைந்துபோகும். ஈசிம்மில் துண்டு என்று கையில் ஒன்றும் இல்லை. கடைக்குள் சிம்மைக் கழற்றிப் போட்டுப் பார்க்கும் அந்தப் பரீட்சைக்கே இடமிராது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டின் பல இடங்களில் கோபுரங்கள் செயலிழந்தன. அந்த நேரத்தில் எந்தக் கம்பனியின் கோபுரம் மிஞ்சுகிறதோ அதற்கு மாற முடிந்தவருக்குத்தான் போனால் பயன்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்பது மூன்று விஷயம்தான். பூட்டிய போனோ ரௌட்டரோ விற்றால், அது பூட்டியது என்பதைப் பெட்டியின் முகப்பில் மூன்று மொழியிலும் அச்சிடச் சொல்லுங்கள். பூட்டுத் திறக்கும் திகதியையும் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். அந்தத் திகதி வந்ததும் காசு வாங்காமல், கொழும்புக்கு வரச் சொல்லாமல் திறந்துவிடச் சொல்லுங்கள். அதுவரை வாசகர்கள் புத்தளத்துக் கடையில் அந்தத் தம்பி செய்ததைச் செய்யலாம்: உங்கள் ஊரில் எடுக்கிற சிம்மைக் கையோடு கொண்டுபோங்கள், கடைக்குள்ளேயே போட்டு ஒரு கோல் எடுங்கள், பிறகு காசை எண்ணுங்கள்.

(தொடரும்)