இடாப்பில் ஏறிய பெயருக்கு உத்தரவாதி யார்?

வாக்காளர் இடாப்பைத் திருத்தும் காலம் வந்ததும், கிராம உத்தியோகத்தர் தரும் படிவத்தை ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் பல லயங்களில் வீட்டுக்காரரே நிரப்புவதில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு அவர் வந்து சேரும் அந்திப்பொழுதில், தோட்டத் தலைவரோ சங்கத்து இளைஞரோ இஸ்தோப்பில் அமர்ந்து, வரிசையிலுள்ள அத்தனை காம்பராவுக்கும் ஒரே பேனாவால் எழுதி முடிக்க, எழுதியவர் காட்டிய இடத்தில் வீட்டுக்காரர் கையொப்பமிடுகிறார். இது உபகாரமே, இவ்வுபகாரம் இல்லையேல் எத்தனையோ பெயர்கள் இடாப்பில் ஏறியே இரா. ஆயினும், கொழும்பில் கடைவேலைக்குச் சென்று அங்கேயே குடியேறிவிட்ட மகனின் பெயரும், காலமாகிவிட்ட அப்பாயியின் பெயரும் சென்ற வருஷத்துப் பட்டியலிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதப்படுமானால், பதில் சொல்ல வேண்டியவர் கையொப்பமிட்டவர். எழுதிக் கொடுத்தவரோ கணக்கிலேயே வருவதில்லை.

மலையகத்துக்கு இது அற்ப விஷயமன்று. டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 1931இல் ஏறத்தாழ ஒரு லட்சமாக இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை, 1939 அளவில் இரண்டேகால் லட்சமாயிற்று. நிரந்தர வாசத் தகுதியை ஆராயாமலே தொழிலாளர் திரளாகச் சேர்க்கப்படுகின்றனர் என்ற முறைப்பாடு சிங்கள அரசியல்வாதிகளிடையே வலுத்தது. 1940க்குப் பின் விதிகள் இறுக்கப்பட, 1943இல் அத்தொகை 1,68,000 ஆகச் சுருங்கியது. பிழையான பதிவு எது, அதைச் செய்தவர் எவர் என்று பகுத்தறியாமல், சந்தேகத்தைச் சமுதாயம் முழுவதன் தலையிலும் சுமத்திய அநியாயம் அது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கும், வாக்குரிமையைப் பறித்த 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்துக்கும் பிரதான காரணம், 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் காட்டிய பலத்தைக் கண்டு ஆளுவோர் கொண்ட அச்சமே என்பது என் துணிபு. பதிவு பற்றிய பழைய சந்தேகம் அதற்கு வாய்த்த சாக்காயிற்று. 1947இல் நுவரெலியாவில் தெரிவான தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌ. தொண்டமான், மக்கள் வாக்கினால் மறுபடியும் பாராளுமன்றம் புகுவதற்கு 1977 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிழையான பதிவுக்கு உத்தரவாதி யார் என்பதைப் பகுத்தறிந்த உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஏழை மக்களைத் திரட்டிய ‘ஏக்கோர்ன்’ என்னும் அமைப்பின் நெவாடாக் கிளையில், ஒரே நாளில் 21 பேரையாவது வாக்காளராகப் பதிவு செய்த ஊழியருக்கு 5 டொலர் வெகுமதி வழங்கப்பட்டது. எண்ணிக்கைக்குப் பணம் தருவது கற்பனைப் பெயர்களுக்கு வழி திறக்கும் என்பதனால் அதைத் தடை செய்திருந்த அம்மாநிலச் சட்டத்தின்படி, அமைப்பின் மீதே 2009இல் வழக்குத் தொடரப்பட்டது. 2011இல் அது குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 டொலர் அபராதத்துக்கு உள்ளாயிற்று. தொகை சிறிது, ஆனால் ஏவியவர் எவரோ அவரிடமே நீதி சென்று நின்றது.

நமது தொழிற்சங்கங்களும் தொண்டர் அமைப்புகளும் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்தக் காம்பராவின் படிவத்தை யார், எந்தத் திகதியில் எழுதினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கட்டும். ஆட்சேபனைக்காக இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும் நாட்களில், அப்பெயர்களைப் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசித்து, தாம் எழுதிய பிழையைத் தாமே நீக்கக் கோரி விண்ணப்பிக்கட்டும்.