உங்களுக்குத் தெரியுமா? கடலில் வீசிய உயிர்களுக்குக் காப்பீடு!

1781-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ராவிலிருந்து ஜமைக்காவுக்குக் கிளம்பிய ‘ஸோங்’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் 442 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அடைத்திருந்தார்கள். கப்பல் தாங்கும் அளவைப் போல இரு மடங்குக்கும் மேலான கூட்டம். நோயில் பலர் மாண்டார்கள். பிறகு கப்பல் வழி தவறியது. தண்ணீர் போதாது என்று சொல்லி, நவம்பர் 29 அன்று பெண்களும் குழந்தைகளுமாக 54 பேரை மாலுமிகள் உயிரோடு கடலில் தள்ளினார்கள். அடுத்து ஆண்கள். நடுவில் மழை பெய்த பிறகும் கொலை நிற்கவில்லை. பத்துப் பேர் தாங்களே கடலில் குதித்துவிட்டார்கள். மொத்தம் 130 பேருக்கு மேல்.

ஏன் இந்தக் கொடுமை? அன்றைய வழக்கப்படி அடிமை நோயில் இறந்தால் காப்பீட்டுப் பணம் கிடையாது. கப்பலைக் காப்பாற்ற ‘சரக்கை’ வீசியதாகச் சொன்னால் உண்டு. கப்பல் உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுன் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1783-இல் லண்டன் ஜூரியும் அவர்கள் பக்கமே நின்றது!

அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா ஈக்வியானோதான் இந்தச் செய்தியை அடிமை ஒழிப்புப் போராளி கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுசென்றார். கொலை வழக்குத் தொடரவேண்டும் என்று ஷார்ப் மன்றாடினார். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார், அதுவும் காப்பீட்டுப் பணத்துக்காக மட்டுமே. கொலைக்காக ஒருவர்கூடக் கூண்டில் ஏற்றப்படவில்லை.