கண்ணாடித் தொட்டியில் க்ஷயரோகம்

தீனி கண்டவுடன் நீர்மட்டத்துக்குத் துள்ளி வரும் மீன்களில் ஒன்று, ஒரு நாள் மூலையில் ஒதுங்கி நின்று, வாரங்கள் செல்லச் செல்ல வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, செதில்கள் உதிர்ந்து, வயோதிகம்தான் காரணமென்று நாம் மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே இறந்து மிதக்குமானால், அதன் மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் பிளந்து சோதிக்கிறவர் கண்ணுக்குப் பல சமயம் வெண்ணிறச் சிறு முடிச்சுகள் தென்படும். மனிதனுக்கு க்ஷயத்தையும் குஷ்டத்தையும் தருகிற கிருமிகள் எந்த வம்சத்தைச் சேர்ந்தவையோ, அந்த மைக்கோபாக்டீரியா வம்சத்தின் வேறு கிளைகள் விளைத்த முடிச்சுகள் அவை.

இவ்வியாதி நூதனமானதன்று. 1897-ஆம் ஆண்டிலேயே பிரான்சு தேசத்து விஞ்ஞானிகள் கெண்டை மீனில் இதைக் கண்டு எழுதினார்கள். 1926-இல் பிலடெல்பியா மீன்காட்சிச் சாலையில் மாண்ட கடல்மீன்களிலிருந்து ஜோசப் அரான்சன் பிரித்தெடுத்த கிருமியே மைக்கோபாக்டீரியம் மாரினம். ஏறத்தாழ 30 டிகிரி உஷ்ணத்தில் செழித்து, நம் தேகத்தின் 37 டிகிரியில் சோர்ந்துபோவது அதன் சுபாவம். ஆகையால்தான், தொட்டி கழுவுகிறவர் விரலிலுள்ள கீறல் வழியாக நுழைந்தாலும், பெரும்பாலும் உள்ளுறுப்புகளை நாடாமல், குளிர்ந்த கைத்தோலிலேயே தங்கி, எளிதில் ஆறாத கட்டிகளாக எழும்புகிறது. மாதக்கணக்கில் மருந்துண்ண வேண்டிய இக்கட்டியை வைத்தியரிடம் காட்டுகிறவர், தம் வீட்டில் மீன் வளர்ப்பதையும் மறவாமல் சொல்லிவிட்டால், வீண் சிகிச்சையில் கழியும் காலம் எவ்வளவோ மிச்சமாகும்.

மீனுக்கோ நம்பத்தக்க மருந்து இல்லை. மெழுகு போன்ற மேலுறை உடைய கிருமியாதலால், குளோரினுக்கும் எளிதில் மசியாமல், தொட்டிச் சுவரிலும் குழாய்களிலும் படியும் வழுவழுப்பான படலத்தில் நெடுநாள் குடியிருக்கிறது. நோயுற்று இறந்த மீனைக் கொத்தித் தின்னும் மீன்களையும் பற்றுகிறது. புதிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதும், இறந்ததை உடனே அகற்றுவதும், ஒரே தொட்டியில் நெருக்கி அடைக்காதிருப்பதுமே நம் கைவசமுள்ள உபாயங்கள். அழகுக்காக ஓர் உயிரைச் சிறைப்படுத்தியவர்கள் இவ்வளவு சிரத்தையாவது கொள்வது கடமை என்றே நான் கருதுகிறேன்.

கங்கைப் பிரதேசத்து ஓடைகளில் பிறந்து, இன்று உலகெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் வளரும் ஜீப்ரா மீனின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே இந்நோய் மறைவாகப் புகுந்துவிட்டால், மருந்தின் பலனை அளப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர், தம்மை அறியாமலே கிருமியின் விளைவை அளந்துகொண்டிருக்கக்கூடும். எந்தக் கிருமியை அவர்கள் அவ்வளவு அஞ்சி விலக்குகிறார்களோ, அதையே வேண்டுமென்று மீன்குஞ்சுக்குள் செலுத்தி, மனித க்ஷயத்தின் மர்மத்தை ஆராய்ந்தவர் லலிதா ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. அந்தக் குஞ்சின் உடல் கண்ணாடிபோல் தெளிவானதால், உயிரோடிருக்கும்போதே உள்ளே நடப்பதை உருப்பெருக்கியில் காணலாம். கிருமியைச் சிறைவைக்க உடல் எழுப்பும் அரண் என்று நெடுங்காலம் கருதப்பட்ட அந்த முடிச்சுக்குள், நோயுற்று மடிந்த வெள்ளையணுக்களைப் புதிதாக வந்த அணுக்கள் விழுங்கி, அவற்றோடு கிருமியையும் ஏற்று, சில அங்கிருந்து வெளியேறி வேறிடங்களில் புதிய முடிச்சுகளுக்கு வித்திடுவதை, 2009-இல் அவரும் அவருடைய சகாவும் கண்ணாரக் கண்டு வெளியிட்டார்கள்.