ஒரு சொல் செய்த விபரீதம்

ஸ்பெயின் தேசத்தில் ஒரு விருந்து. விருந்தாளியாகப் போன ஆங்கில மாது ஒருத்தி கை தவறிச் சூப்பைக் கொட்டிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “வெட்கமாக இருக்கிறது” என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் அதற்கு ‘எம்பாரஸ்ட்’ என்பார்கள். அகராதியைப் புரட்ட அவகாசமில்லை. அந்தச் சொல்லுக்கே ஒரு ஸ்பானிஷ் வாலை ஒட்டவைத்து, “நான் எம்பரஸாதா” என்கிறாள். உடனே வீட்டு எஜமானி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, “எத்தனை மாசம்?” என்று விசாரிக்கிறாள்! ஸ்பானிஷில் ‘எம்பரஸாதா’ என்றால் கர்ப்பமாக இருப்பவள் என்று அர்த்தம்.

ஸ்பானிஷையும் இங்கிலீஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட வேடிக்கைகள் ஏராளம். ஸ்பானிஷ், லத்தீன் மொழியின் சொந்தப் பெண். இங்கிலீஷோ 1066-ம் வருஷம் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழியாக லத்தீன் சொற்களை வண்டி வண்டியாக இறக்குமதி செய்துகொண்ட மொழி. ஆகவே இரண்டு வீட்டிலும் இருப்பது ஒரே பாட்டியின் நகைகள்தான். ஆனால் ஒரு வீட்டில் ஒட்டியாணமாகவே வைத்திருப்பதை மற்ற வீட்டில் அழித்து வளையல் பண்ணிவிட்டார்கள்!

பார்வைக்கு ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் இருக்கும் இந்தச் சொற்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர், ‘பொய் நண்பர்கள்’. ‘ரோபா’ என்றால் கயிறு அல்ல, துணிமணி. ‘எக்ஸிட்டோ’ என்றால் வெளியே போகும் வழி அல்ல, வெற்றி. ‘ஸோபா’ என்றால் சோப்பு அல்ல, நாம் உட்காருகிற ஸோபாவும் அல்ல, குடிக்கிற சூப்! ஸ்பெயின்காரர் ஒருவர் “எனக்குக் கான்ஸ்டிபாதோ” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தால், பாவம், அவருக்கு ஜலதோஷம். இங்கிலீஷ் சொல்லை நினைத்துக்கொண்டு மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்துவிட்டால் அவர் கதி என்ன ஆவது?

இதற்கு நேர்மாறான திசையிலும் ஆபத்து உண்டு. இங்கிலீஷில் ‘ஒருமுறை’ என்பதற்கு ‘வன்ஸ்’ என்கிறோம் அல்லவா? அதே எழுத்துக்களை ஸ்பானிஷ்காரர் ‘ஒன்ஸே’ என்று வாசிப்பார். அவருக்கு அது 11! நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் மருந்துக் கடைகள் கம்ப்யூட்டரைக் கொண்டு ஸ்பானிஷில் அச்சடித்த மருந்துச் சீட்டுகளைச் சில ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிச் சீட்டுகளில் பிழை. அரைகுறை மொழிபெயர்ப்பில் அந்த ஒரு சொல் மட்டும் இங்கிலீஷிலேயே நின்றுவிட்டால், ஒருவேளை சாப்பிட வேண்டிய மருந்தை நோயாளி 11 வேளை சாப்பிட இடமுண்டு.

சிரிப்பு நின்ற இடம்

1980-ம் வருஷம் ஜனவரி மாதம். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தின் தென்பகுதியில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு 18 வயது இளைஞன் ஒருவனை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். கியூபாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டாருக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். அவர்கள் சொன்ன விளக்கத்தில் ஒரு சொல் இருந்தது: ‘இன்டாக்ஸிகாதோ.’

கியூபா மக்கள் வாயில் அது சாதாரணச் சொல். சாப்பிட்டதோ குடித்ததோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கிலீஷ் காதில் அது ‘இன்டாக்ஸிகேட்டட்’ என்று விழுந்தது, அதாவது போதை. பையன் வேண்டுமென்றே போதை மருந்தை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டான் என்று தீர்மானித்து அதற்கே வைத்தியம் நடந்தது.

உண்மையில் அவன் மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரிய வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. உயிர் பிழைத்தான், ஆனால் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. விஷயம் கோர்ட்டுக்குப் போய், சமரசமாக முடிந்தது. நஷ்டஈடு, அவன் ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டால், சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர்.

இந்தச் சம்பவத்தில் நெஞ்சை உறுத்துவது ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு தரப்புக்கும் தோன்றவில்லை. டாக்டர் தமக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தார். வீட்டாரும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்தச் சொல் முற்றிலும் அந்நியமாக ஒலித்திருந்தால், “அதற்கு என்ன அர்த்தம்?” என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். தெரிந்த முகமாக வந்ததால்தான் அது உள்ளே நுழைந்துவிட்டது.

சம்பந்திக்கு இங்கிலீஷ் என்ன?

பொய் நண்பர்கள் ஒரு பக்கம் இருக்க, நண்பர்களே இல்லாத சொற்களும் இருக்கின்றன. பிள்ளையைப் பெற்றவருக்குப் பெண்ணைப் பெற்றவர் என்ன உறவு? நாம் ‘சம்பந்தி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஸ்பானிஷ்காரரும் ‘கொன்சுவேக்ரோ’ என்று முடித்துவிடுகிறார். இங்கிலீஷ்காரர்தான் ‘என் மகனுடைய மனைவியின் தகப்பனார்’ என்று மூச்சு வாங்கச் சொல்ல வேண்டியிருக்கிறது! நம் சகலைக்கும் ஸ்பானிஷில் ‘கொன்குன்யாதோ’ என்று சொல் உண்டு. இங்கிலீஷில் அந்த உறவுக்கென்று தனிச் சொல் வழக்கில் இல்லை.

மரியாதை விஷயமும் அப்படித்தான். ஸ்பானிஷில் ஒருவர் நம்மைப் பார்த்துத் ‘தூ’ என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘நீ’ என்று அர்த்தம். ‘உஸ்தெத்’ என்றால் ‘நீங்கள்’. ஒரு கதையில் இத்தனை நாளும் ‘உஸ்தெத்’ போட்டுப் பேசிய கதாநாயகன் திடீரென்று கதாநாயகியைத் ‘தூ’ என்று கூப்பிட்டால், வாசகருக்கு உடனே விஷயம் விளங்கிவிடும். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே ‘யூ’ தான். அந்த ஒரு நொடியின் இனிமையை மொழிபெயர்ப்பாளர் வேறு எங்கிருந்தாவது வரவழைத்தாக வேண்டும்.

மரபுத் தொடர்களோ இன்னும் வேடிக்கை. ஒருவரை விளையாட்டாக ஏமாற்றுவதை இங்கிலீஷ்காரர் ‘காலை இழுப்பது’ என்கிறார். ஸ்பானிஷ்காரர் ‘தலைமயிரைப் பிடிப்பது’ என்கிறார். நாமோ காதில் பூ சுற்றுகிறோம்! பொருள் அதிக விலை என்றால் இங்கிலீஷ்காரர் ஒரு கையையும் ஒரு காலையும் கொடுக்கிறார். ஸ்பானிஷ்காரர் முகத்திலிருந்து ஒரு கண்ணைக் கொடுக்கிறார். நாம் யானை விலை, குதிரை விலை என்று முணுமுணுத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கிவிடுகிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இங்கே கண்ணும் காலும்தான் மிஞ்சும், அர்த்தம் மிஞ்சாது.

நூறு என்பதில் எத்தனை நூறு?

கொலம்பியா தேசத்து எழுத்தாளர் கப்ரியேல் கார்ஸியா மார்க்கேஸ் 1967-ல் வெளியிட்ட நாவல் உலகப் புகழ் பெற்றது. நம் தமிழிலும் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்ற பெயரில் வந்திருக்கிறது. அதை இங்கிலீஷில் கிரிகரி ரபாஸா என்பவர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மார்க்கேஸ், அவர் கைவேலை முடியும் வரை காத்திருந்தார். இங்கிலீஷ் புத்தகம் 1970-ல் வெளிவந்தது.

ரபாஸாவுக்குத் தலைப்பிலேயே இரண்டு முடிச்சுகள். ஸ்பானிஷில் ‘சியென்’ என்றால் நம் ‘நூறு’ போலத்தான், வெறும் நூறு. இங்கிலீஷிலோ ‘ஏ ஹன்ட்ரட்’ என்றால் ஏதோ ஒரு நூறு; ‘ஒன் ஹன்ட்ரட்’ என்றால் எண்ணி வைத்த நூறு. எது என்று தீர்மானிக்காமல் எழுதவே முடியாது. அவர் எண்ணி வைத்த நூறையே எடுத்துக்கொண்டார். அடுத்தது ‘ஸொலெதாத்’. யாருமில்லையே என்று ஏங்குகிற தனிமையும் அதில் உண்டு. தானாக விரும்பி ஒதுங்கியிருக்கும் தனிமையும் உண்டு. நம் ‘தனிமை’க்கும் அந்த இரண்டு முகங்கள் இருக்கின்றன. இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால் அங்கேயும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

“இந்த நாவலை மொழிபெயர்க்க உங்கள் ஸ்பானிஷ் போதுமா?” என்று ஒருவர் ரபாஸாவைக் கேட்டாராம். தம்முடைய இங்கிலீஷ் போதுமா என்பதே சரியான கேள்வி என்றாராம் அவர். பிறமொழி தெரிந்தால் போதாது. நம் மொழியின் வீட்டுப் புழக்கம் நுனிவிரலில் இருக்க வேண்டும் என்பது அதன் தாத்பரியம்.

தெரியாத சொல்லைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அதுவே நம்மை அகராதிக்கோ, அந்த மொழி தெரிந்தவரிடமோ அனுப்பிவிடும். தெரிந்ததுபோல் சிரித்துக்கொண்டு எதிரே வருகிறதே, அந்தச் சொல்லிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். “நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?” என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. புளோரிடாவில் அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்க அரை நிமிஷம்கூட ஆகியிராது.