நார்த்லாண்ட்: ஓர் அங்காடியின் அறுபது ஆண்டுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, நானும் இரண்டு நண்பர்களும் சென்னையில் ஒரு பெரிய மாலின் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். நாடக நோட்டீஸ். அனுமதி இலவசம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நீலச்சட்டைக் காவலாளி ஒருவர் வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "இங்க எல்லாம் குடுக்கக் கூடாது சார். மேல கேமராவுல பாத்துட்டு என்னத்தான் கேப்பாங்க. ரோட்டுக்குப் போயிருங்க." எங்களில் ஒருவன், "இதுவும் ரோடுதானேண்ணே?" என்றான். அவர் காலால் காட்டினார். தார் முடிந்து வழவழப்பான கல்தரை தொடங்குகிற இடம். "அதுக்கு அந்தப் பக்கம் ரோடு. இந்தப் பக்கம் கம்பெனி."

இவ்வளவு துல்லியமான வரையறையை நான் சட்டப் புத்தகங்களிலும் பார்த்ததில்லை. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்காக அமெரிக்க நீதிமன்றங்கள் 1946 தொடங்கி முப்பது நாற்பது ஆண்டுகள் மல்லுக்கு நின்றிருக்கின்றன. ஆனால் வழக்குகளை மட்டும் படித்தால் கோடு புரியாது. மால் எந்த மண்ணில் முளைத்ததோ அந்த மண்ணை, அதாவது அமெரிக்கப் புறநகரைப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரே ஒரு மாலை எடுத்துக்கொள்கிறேன்: மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகர எல்லையைத் தாண்டியதும் சவுத்ஃபீல்டில் இருந்த நார்த்லாண்ட். 1954 மார்ச்சில் திறந்தது, 2015இல் மூடியது.

அதற்கு முன் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். 'புறநகர்' என்று நாம் எழுதும்போது அந்தப் 'புறம்' சும்மா திசையைக் குறிப்பதல்ல. மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில்தான் முதலில் தங்குகிறார்கள். அங்கிருந்தவர்கள் துறவிகள், ஊரின் கணக்கில் வராதவர்கள். நம் ஊர் அமைப்பில் வெளியே இருப்பது சேரி, சுடுகாடு, குப்பைமேடு. உள்ளே இருப்பவன் வெளியே தள்ளுகிறான். அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே தள்ள வேண்டியவர்களை நடு ஊரில் விட்டுவிட்டு, தள்ளுகிறவன் எழுந்து வெளியே போனான். இந்தத் தலைகீழை மனதில் வைக்காமல் 'சபர்ப்' என்பதைப் புறநகர் என்று மொழிபெயர்த்துவிட்டு மேலே படித்தால் ஒன்றும் விளங்காது.

எழுந்து போவதற்கு அரசே வண்டிச்சத்தம் கொடுத்தது. 1934இல் ஏற்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்தது. யாருக்கு, எந்தத் தெருவில் என்பதில்தான் விஷயம். கறுப்பர் குடியிருந்த பகுதிகள் கடன் வரைபடங்களில் சிவப்புச் சாயம் பூசப்பட்டு ஆபத்தானவை என்று குறிக்கப்பட்டன. டெட்ராய்டின் எய்ட் மைல் சாலை அருகே கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்தார் ஒருவர். கறுப்பர்கள் மிக அருகில் இருப்பதால் உத்தரவாதம் மறுக்கப்பட்டது. 1941இல் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் சுமார் அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. உத்தப்புரத்துச் சுவரின் ஒரு பகுதி 2008இல் இடிக்கப்பட்டதைப் பார்த்த நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும்: அங்கே சுவருக்குக் காரணமாய் இருந்தது வங்கிக்கடன் படிவம்.

அந்தச் சுவரிலிருந்து சில மைல் தூரத்தில், எய்ட் மைல் சாலைக்கு அந்தப் பக்கம் எழுந்ததுதான் நார்த்லாண்ட். கட்டியது ஹட்சன் நிறுவனம், டெட்ராய்டின் நடுநகரில் பெரிய பல்பொருள் அங்காடி வைத்திருந்தவர்கள். வாடிக்கையாளர்கள் கார் ஏறி வெளியே போய்விட்டதால் கடையும் பின்னாலேயே போனது. வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர், சோஷலிஸ்ட், அரசியல் கேலி நாடகங்களில் நடித்தவர். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய 1938இல் தப்பி அமெரிக்கா வந்தார். அமெரிக்கப் புறநகரைப் பார்த்து அவருக்குக் குமட்டியது. வீடு, வீடு, வீடு, பிறகு கார். நின்று பேச ஒரு முக்கு கிடையாது, உட்கார ஒரு திண்ணை கிடையாது. வியன்னாவின் சதுக்கத்தை இந்தப் பொட்டலில் நட்டுவிடலாம் என்று நம்பினார். காரை வெளியே நிறுத்திவிட்டு மனிதர்கள் நடக்க வேண்டும். கடைகளோடு வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் சேர்ந்து ஊராக வேண்டும்.

நார்த்லாண்டில் அந்தக் கனவின் ஒரு பகுதி மெய்யாகவே இருந்தது. முதலில் கூரை கிடையாது. கடைகளுக்கு நடுவே தோட்டங்கள், நீரூற்றுகள், சிற்பங்கள். மார்ஷல் ஃப்ரெடெரிக்ஸ் செய்த 'சிறுவனும் கரடியும்' சிற்பத்தில் ஏறி விளையாடாத குழந்தை அந்த வட்டாரத்தில் இருந்திருக்காது. ஆனால் க்ரூயனின் வரைபடத்தில் கடை நீங்கலாக இருந்தவை பெரும்பாலும் காகிதத்தோடு நின்றன. சுற்றுப்புற நிலத்தின் விலை ஏறியது, அதில் யாருக்கு லாபமோ அவர்களுக்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 1956இல், மின்னியாபோலிஸ் நகரை அடுத்த எடினாவில் க்ரூயனே சவுத்டேலைக் கட்டினார். முழுக்கக் கூரையிட்டு, குளிர்சாதனமும் வெப்பமூட்டியும் வைத்து அடைத்த முதல் மால் அதுதான். அதுவே அச்சாகிவிட்டது. எழுபதுகளின் நடுவில் நார்த்லாண்டுக்கும் கூரை போட்டார்கள். தமிழில் 'மால்' என்றால் மயக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. தற்செயல்தான், ஆனால் வானம் தெரியாத, பொழுது தெரியாத அந்தக் கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது.

ஹட்சன் நிறுவனம் திசைக்கொன்றாகத் தொடர்ந்தது: 1957இல் ஈஸ்ட்லாண்ட், 1965இல் வெஸ்ட்லாண்ட், 1970இல் சவுத்லாண்ட். இதில் வெஸ்ட்லாண்டுக்கு ஒரு சிறப்பு. அது எழுந்த நான்கின் என்ற ஊர்ப்பகுதி 1966இல் நகரமாகப் பதிவானபோது மாலின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. ஊரும் பேரும் படித்தவர்கள் இங்கே நின்று யோசிக்கலாம். குளத்தின் பெயரில், மரத்தின் பெயரில், சாமியின் பெயரில் ஊர் உண்டு. கடையின் பெயரில் ஊர்!

இவ்வளவு மால்கள் எப்படி மளமளவென்று முளைத்தன என்பதற்கு 'மக்கள் விரும்பினார்கள்' என்று பதில் சொல்வது வழக்கம். வரிச்சட்டத்தைப் பார்ப்பது நல்லது. கட்டடம் தேய்கிறது என்று கணக்கெழுதி, அந்தத் தேய்மானத்தை வருமானத்தில் கழித்து வரியைக் குறைக்கலாம். முன்பு இதைப் பல பத்தாண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துத்தான் கழிக்க வேண்டும். 1954இல் வந்த மாற்றம், புதுக் கட்டடம் என்றால் முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதியைக் கழித்துக்கொள்ள வழிவிட்டது. நன்றாக ஓடுகிற மால் காகிதத்தில் நஷ்டம் காட்டும். அந்த நஷ்டத்தை உடைமையாளர் தன் வேறு வருமானத்திலும் கழித்துக்கொள்வார். சலுகை தீர்ந்ததும் விற்றுவிட்டு, இன்னும் தள்ளி, இன்னொரு சோளக்காட்டில் புதிது கட்டுவார். பழையதைப் பராமரிப்பதைவிடப் புதிது கட்டுவதே லாபம் என்று அரசே ஏற்பாடு செய்துகொடுத்தது. இந்தச் சலுகையின் பெரும்பகுதி 1986 வரிச் சீர்திருத்தத்தோடு போயிற்று. அதற்குள் முப்பது வருடக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. மால் அழிவதற்காகவே கட்டப்பட்டது என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள். கணக்குப்பிள்ளை என்ன சொல்வார் என்று கேட்டுப்பாருங்கள்.

இனி கோட்டுக்கு வருகிறேன். 1946இல் அலபாமாவின் சிக்கஸா என்ற ஊரைப் பற்றி ஒரு வழக்கு. தெரு, கடைவீதி, வீடு எல்லாமே ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தமான ஊர். அதன் நடைபாதையில் மதத் துண்டறிக்கை கொடுத்த ஒரு பெண் கைதானார். ஊர் போல நடக்கிற இடம் ஊர்தான், கம்பெனியின் உடைமை என்பதால் பேச்சுரிமை செத்துவிடாது என்று தீர்ப்பெழுதினார் நீதிபதி ஹ்யூகோ பிளாக். 1968இல் பென்சில்வேனியாவில் ஒரு வணிக வளாகத்தில் தொழிற்சங்கம் மறியல் செய்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே வாதத்தை மாலுக்கும் நீட்டியது. எழுதியவர் தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பு நீதிபதி. வேடிக்கை என்னவென்றால் பிளாக் இதை ஏற்காமல் மாறுபட்டு எழுதினார். ஊர் வேறு, கடை வேறு என்பது அவர் கட்சி. நான்கே ஆண்டுகள். 1972இல் போர்ட்லாண்ட் நகர மால் ஒன்றில் வியட்நாம் போருக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் தோற்றார்கள், ஐந்துக்கு நான்கு. இடையில் நிக்சன் நான்கு புது நீதிபதிகளை நியமித்திருந்தார். நால்வரும் அந்த ஐவரில் இருந்தார்கள். மார்ஷல் இப்போது மாறுபட்டு எழுதும் பக்கம். 1976இல் எஞ்சியிருந்ததும் போயிற்று. 1980இல் கலிஃபோர்னியாவின் புரூன்யார்ட் வழக்கில் ஒரு சந்து திறந்தது: மாநிலங்கள் விரும்பினால் தம் அரசியல் சட்டத்தின்படி கூடுதல் உரிமை தரலாம் என்றார்கள். நார்த்லாண்ட் இருந்த மிச்சிகனின் உச்ச நீதிமன்றம் 1985இல் கேட்டுப் பார்த்தது; தர மறுத்துவிட்டது.

ஆக, ஊருக்கு ஒரு நடுவிடம் வேண்டும் என்று வரையப்பட்டது, நடுவிடமாகவே புழங்கியது, சட்டத்தின் கண்ணில் மட்டும் கடைசிவரை கடையாகவே இருந்தது.

டெட்ராய்ட் இதற்குள் வேறு நகரமாகிவிட்டது. 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். வெள்ளையர் வெளியேற்றம் அதற்கு முன்பே தொடங்கியதுதான், பிறகு வேகம் பிடித்தது. பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கப் புறநகர்ப் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்று வந்த வழக்கில், புறநகர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எய்ட் மைல் சாலை அப்படியே மதிலாகிவிட்டது. நடுநகரின் தாய்க்கடையை ஹட்சன் 1983இல் மூடியது. 1998இல் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் 2010இல் சுமார் 7.1 லட்சம்.

மதிலைத் தாண்ட முடிந்த கறுப்பர்கள் தாண்டினார்கள். 1970 வாக்கில் ஏறக்குறைய முழுக்க வெள்ளையராயிருந்த சவுத்ஃபீல்டில் 2010 கணக்கெடுப்பில் கறுப்பர்கள் சுமார் 70 விழுக்காடு. இங்கே ஒரு சோம்பேறித்தனமான விளக்கத்தைத் தட்டிவிட வேண்டியிருக்கிறது: ஏழைகள் வந்தார்கள், மால் செத்தது என்பது. வந்தவர்களில் மிகப் பலர் நடுத்தர வர்க்கம். நல்ல பள்ளியையும் புல்தரையையும் தேடி, வெள்ளையர் எதற்காக வந்தார்களோ அதற்காகவே வந்தவர்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது பெரிய கடைகள் அடுத்த வளையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. 1977இல் நோவை என்ற ஊரில் ட்வெல்வ் ஓக்ஸ் மால் வந்தது. 1996இல் டிராய் நகரின் சாமர்செட் விரிந்து பளபளத்தது. பெட்டி படுக்கையோடு குடிவந்தவனிடம், "சாப்பாடு முடிஞ்சிருச்சு, வேற எடத்துல பந்தி" என்றால் எப்படி இருக்கும்? பிறகு 2008 பொருளாதாரச் சரிவு, இணைய வணிகம் எல்லாம் வந்தன. அவை வந்தபோது நார்த்லாண்ட் ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

2014 ஜனவரியில் அங்கே ஒரு கறுப்பு இளைஞர் இறந்தார். வயது 25. கடைக்காரர் ஒருவர் புகார் செய்ய, காவலாளிகள் வெளியேறச் சொல்ல, தகராறாகி, அவரைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். மூச்சுவிட முடியவில்லை என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு நார்த்லாண்ட் மூடப்பட்டது.

கைவிடப்பட்ட மால்களைப் படமெடுப்பது இப்போது ஒரு மோஸ்தர். உடைந்த மின்படிக்கட்டு, காய்ந்த நீரூற்று, கூரை ஓட்டையில் ஒளி. எனக்கு அந்தப் படங்களில் ஒட்டவில்லை. எல்லாம் தானாக, காலத்தால் நடந்தது போலிருக்கிறது அவற்றில். சவுத்ஃபீல்டின் நகர நிர்வாகம் 2015இல் நார்த்லாண்டை விலைக்கு வாங்கியது. சில பகுதிகளை இடித்தார்கள். பிறகு அங்கே குடியிருப்புகள் கட்டும் வேலை தொடங்கியது. க்ரூயன் வரைந்து, முதலாளிகள் வேண்டாமென்று ஒதுக்கிய வீடுகள்! அறுபது வருடம் கழித்து, கடைகள் செத்த இடத்தில். க்ரூயன் 1968இலேயே வியன்னாவுக்குத் திரும்பிவிட்டார். வியன்னாவின் தெற்கு எல்லையிலும் எழுபதுகளில் ஒரு மால் வந்தது. 1978இல் லண்டனில் பேசியபோது, மால்களுக்குத் தன்னைத் தந்தை என்று சொல்கிறவர்களிடம், முறைதவறிப் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் தரமாட்டேன் என்று மறுத்தார். 1980இல் இறந்தார்.

எங்கள் நோட்டீஸ் கதையில் ஒரு பகுதி பாக்கி. காவலாளி காட்டிய கோட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். அங்கே நிற்க இடமில்லை. மாலுக்குள் கார் திரும்புவதற்காக நடைபாதையை வெட்டிச் சரிவாக்கியிருந்தார்கள்; ஒவ்வொரு காருக்கும் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் இருநூறு அடி தள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டோம். அங்கே அரைமணியில் கட்டு காலியாகிவிட்டது. கிளம்பும்போது பார்த்தால் ஷிப்ட் முடிந்து, சட்டை மாற்றிக்கொண்டு, அதே ஆள் பஸ்ஸுக்கு நிற்கிறார். "மிச்சம் இருக்கா சார்?" என்றார். என் பையில் கசங்கின ஒன்று இருந்தது. கொடுத்தேன்.