‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடலாமா?

"வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று சொல்லிப் பல வீடுகளில் இந்த நோயைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் மறதி. அந்தச் சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு விழித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் முதன்முதலாக விவரித்த இந்நோயில், மூளைச் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன.

முதலில் பரிசோதனை

தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் தாமதிக்கக் கூடாது. முசிறி அரசு மருத்துவமனையில் தொடங்கி, தேவைப்பட்டால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். அல்சைமரை முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால், சிலருக்குச் சில காலம் தொந்தரவுகளைக் குறைக்கும் மாத்திரைகள் உள்ளன.

வாதம் வேண்டாம்

சாப்பிட்ட பத்தாவது நிமிடம், "எனக்கு யாருமே சோறு போடலை" என்பார்கள். "இப்பத்தானே சாப்பிட்டீங்க!" என்று மறுத்தால் கோபமும் அழுகையுமே மிஞ்சும். "இதோ கொண்டு வர்றேம்மா" என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தால் பேச்சு அடங்கிவிடும். பெயர்கள் மறந்தாலும் கைப்பழக்கம் நீண்ட நாள் நிற்கும். கோரைப்பாய் நெய்த கைக்குக் கோரையையும், பூக்கட்டிய கைக்கு நாரையும் கொடுங்கள். குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

வீட்டை விட்டுப் போய்விட்டால்

நோய் முற்றும்போது சொந்த வீட்டில் இருந்துகொண்டே, "நான் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். முசிறியில் ஒருபுறம் காவிரி, பாலத்தைக் கடந்தால் குளித்தலை. பேருந்து ஏறிவிட்டால் எந்த ஊருக்கும் போய்விடலாம். எனவே சட்டைப் பையிலோ சேலை முந்தானையிலோ தொலைபேசி எண்ணைத் தைத்து வையுங்கள். அண்மையில் எடுத்த புகைப்படம் செல்போனில் இருக்கட்டும். தெருமுனை டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர்களிடமும் சொல்லி வையுங்கள். இதில் கூச்சம் எதற்கு? காணவில்லை என்றால் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே 112-ஐ அழைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

பெரியவரைக் கவனிக்க மறுக்கும் பிள்ளைகள் மீது, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். முசிறியிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் உள்ளது. மனு எழுத முடியாத நிலையில் உள்ளவருக்காக, அவர் அதிகாரம் அளித்த ஒருவரோ தொண்டு நிறுவனமோ மனு தரலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரிக்கலாம். கவனித்துக்கொள்வதாக நிபந்தனையுடன் எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யவும் 23-ஆம் பிரிவில் வழி உண்டு. பெரியவரைக் கைவிட்டுச் செல்வது 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நினைவு ஓரளவு தெளிவாக இருக்கும்போதே, தன் சிகிச்சை குறித்து முடிவெடுக்க உதவும் பிரதிநிதியை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பெரியவரே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். வங்கி, பத்திர வேலைகளையும் அந்தக் காலத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள்

பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் இரவு பகலாகத் தனியே சுமக்கிறார். "நீ நல்லா பார்த்துக்கிற" என்ற பாராட்டு அவருக்குப் போதாது. அண்ணன், தம்பி, அக்கா என்று ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டால் அவர் ஓர் இரவாவது தூங்குவார். மனம் தளர்ந்தால் டெலி மனஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய இலவச எண்களை அழைக்கலாம். இரண்டையும் இன்றே செல்போனில் பதிந்து வையுங்கள்.